செபமாலையம்மாள் வெட்டிய நாற்பது குழிகள்

தேவாரம் ஊரிலிருந்து மலையேறி வந்த செபமாலையம்மாள், வண்டன்மேட்டுக்குக் கீழே ஒரு மிளகுத் தோட்டத்தில் பதினாறு வருஷம் களை வெட்டினாள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தாறில் புல்லைக் கருக்கும் மருந்து வந்தது. பன்னிரண்டு பெண்கள் ஒரு வாரம் வெட்டுவதை, முதுகில் பம்பு மாட்டிய ஒருவன் இரண்டே நாளில் முடித்தான். பெண்களை நிறுத்திவிட்டார்கள்.

புருஷன் இல்லாதவள். சூப்பர்வைசரிடம் போய் நின்றாள். அவர், கூலிக்காரர்கள் குடியிருக்கும் லயத்துக்குக் கீழே தரிசாகக் கிடந்த சரிவைக் காட்டினார். "குழி வெட்டி வச்சு, மழை விழுந்ததும் மிளகு நட்டு அனுபவிச்சுக்கோ. அப்பவும் வெறுங்குழியாக் கிடந்தா ஏலச்செடி வச்சிருவோம்."

நாற்பது குழி வெட்டினாள். பழைய மிளகுக்கொடிகளின் அடியில் தரையோடு ஓடும் இளந்தண்டுகள்தான் நடுவதற்கு. மண்ணில் வேர்விடாதபடி குச்சி ஊன்றி அவற்றைச் சுருட்டி வைத்தாள். மழை விழுந்ததும் வெட்டி நட வேண்டும்.

அதற்குள் மருந்தடிக்க அழகுமலை வந்தான். பக்கத்து லயத்துக்காரன்.

"ஏலே, என் கொடியில ஒரு சொட்டு பட்டுச்சு, உன் பம்ப உடைச்சிருவேன்."

"கொடிக்கு நானா குடை பிடிக்க? நீங்களே பிடிங்கக்கா."

பாக்குமட்டையை மறைப்பாகப் பிடித்தாள். அப்படியும் காற்று திரும்பி நாலைந்து இலையில் தூவல் பட்டது.

"உடனே கழுவிருங்க, ஒண்ணும் ஆகாது!" என்று கத்திவிட்டு அவன் மேலே ஏறினான்.

ஓடை வெகு தூரம். வழியோரம் தகரவாளியில் தண்ணீர் இருந்தது. மருந்து பட்ட இலைகளைக் கழுவியதோடு அவள் நிறுத்தவில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று எல்லாத் தண்டுகளையும், இலையின் இரண்டு பக்கமும் கழுவினாள்.

அழகுமலை இறங்கி வந்து வாளியைப் பார்த்தான். "இதுல மருந்துப் பம்பு அலசி வச்சிருந்த தண்ணி எங்கக்கா?"

அவள் கையைச் சேலையில் துடைத்தாள். அவனுக்குப் புரிந்துவிட்டது. இரண்டு பேரும் ஓடைக்கு ஓடினார்கள். குடம் குடமாக ஊற்றினார்கள்.

மறுநாள் வெயிலில் இலைகள் வெளுத்தன. மூன்றாம் நாள் தண்டு கருத்தது. கணுக் கணுவாக நகத்தால் கீறிப் பார்த்தாள். பச்சை இல்லை. வேறு தண்டு தேடித் தோட்டம் முழுக்க நடந்தாள். மருந்தடித்த தரையில் ஒன்றும் மிஞ்சியிருக்கவில்லை. வெளியூர் போய்த் தேட நாளும் இல்லை. நாலாம் நாள் மழை பிடித்துக்கொண்டது.

ஆட்கள் ஏலக்கன்றுகளோடு வந்தார்கள். சூப்பர்வைசர் குழியில் கம்பை விட்டுப் பார்த்தார். "நல்ல ஆழம். நீயா வெட்டின?"

"ஆமாங்கய்யா. இதுல களை வெட்டவாவது என்னை வச்சுக்கோங்க."

"மருந்து இருக்கேம்மா," என்றார் அவர்.