ஜெர்மனிக்குக் கேட்காத பாட்டு

கலியாணத்தையும் செத்தவீட்டையும் இணையத்தில் நேரலையாகக் காட்டுவது என் தொழில். படம் பிடிக்க இரண்டு கை போதும், அதை எந்த நாடு பார்க்கவிடும் என்று அறியத்தான் பத்துக் கை வேண்டும். இதே தொழிலில் அல்லாடும் உங்களுக்குத் தெரியும்: இணையத்தளக்காரன் இரண்டு தரம் எச்சரிப்பான், மூன்றாம் தரம் நம் பக்கத்தையே மூடிவிடுவான்.

முதல் எச்சரிக்கை

சண்டிலிப்பாயில் கலியாணம். மாப்பிள்ளை மண்டபத்துக்குள் நுழைய, ஒலிபெருக்கியில் சினிமாப் பாட்டு. அதன் உரிமைக்காரக் கம்பனி ஜெர்மனியில் அதைத் தடுத்து வைத்திருந்ததாம். கனடாவில் பதினெட்டுப் பேர் நன்றாகப் பார்த்தார்கள். ஜெர்மனியில் ஆறு பேருக்கும் கறுப்புத் திரை. பெண்ணின் தகப்பனிடம் விளக்கினேன்.

“அண்ணை, மண்டபக் காசு கட்டினது ஜெர்மனிக்காரன். கனடாவை மூடிப்போட்டு அவனுக்குத் திறந்துவிடுங்கோ!”

இரண்டாவது

ஓர் அறுபதாம் பிறந்தநாள். பிரான்சிலிருந்து வந்திருந்த மருமகன், அனுமதியில்லாமல் தன் முகத்தைக் காட்டியது அந்த நாட்டுச் சட்டப்படி பிழை என்று தளத்துக்கு முறைப்பாடு எழுதிவிட்டார். பதிவை மறுபடி போட்டு எண்ணினேன். பதினான்கு தரம் அவராகவே கமெராவுக்கு முன்னால் வந்து நின்றிருக்கிறார். அவரிடமே கூச்சத்தோடு கேட்டேன்.

“நிண்டது சொந்தக்காரருக்கு, அண்ணை. வேலையிலை நான் காய்ச்சலிலை படுத்திருக்கிறன் எண்டல்லோ சொல்லிப்போட்டு வந்தனான்!”

மூன்றாவது வரவில்லை

பருத்தித்துறையில் ஒரு படகுக்காரர் இறந்துபோனார். மகள் சுவிஸில், விசா முடிவாகாததால் வர வழியில்லை. என் பக்கம் ஒன்றுதான் அவளுக்கு வாசல். மகனோ, அப்பாவுக்குப் பிடித்த பழைய படப் பாட்டோடுதான் அவரை வழியனுப்புவேன் என்று நின்றான். பாட்டைப் போட்டால் நேரலை நடுவில் அறுந்துவிடும், பக்கமும் போய்விடும். செத்தவீட்டில் இதையெல்லாம் எப்படிச் சொல்வது? மூன்று தரம் கிணற்றடிவரை போய்த் திரும்பி, நாலாம் தரம் அவனிடம் சொல்லிவிட்டேன்.

அவன் ஒலிபெருக்கியை நிறுத்தினான். தகப்பனோடு கடலுக்குப் போன நாலு பேர் அந்தப் பாட்டைத் தாங்களே பாடினார்கள், ஆளுக்கொரு மெட்டில். மூச்சைப் பிடித்துக்கொண்டு திரையைப் பார்த்தேன். பாட்டு முடிந்தது, எச்சரிக்கை வரவில்லை. மகள் தொலைபேசியில் வந்தாள்: “எல்லாம் கேட்டது, ஐயா. அப்பாவும் உப்பிடித்தான் பாடுவார்.” அழுகைக்குள் சிரித்தாள். மகனிடம் சொன்னேன். கண்ணைத் துடைத்தபடி அந்த நாலு பேரையும் பார்த்தான்.

“உவை பாடினதை எந்த நாட்டுச் சட்டமும் பாட்டெண்டு சொல்லாது, அண்ணை.”

இப்போதெல்லாம் கமெராவை வைக்குமுன் வீட்டுக்காரரிடம் நான் கேட்பது ஒன்றுதான்: மோசமாகப் பாடக்கூடியவர்கள் உங்கள் பக்கத்தில் எத்தனை பேர்?