பாபெடிக்காரருக்கு வைத்த விருந்து

உலக யுத்த காலத்தில் எங்கள் தலைக்கு மேலே ஏரோப்பிளேன் பறந்தபோதுகூட ஊர் அப்படி ஓடிவரவில்லை. சின்னமாமா ஆப்பிரிக்காக்காரச் சிப்பாய் ஒருவரை விருந்துக்கு அழைத்துவருகிறார் என்று தெரிந்ததும் பெரியகல்லாறு ஊரில் பாதி எங்கள் முற்றத்தில் வந்து நின்றது. எனக்கு எட்டு வயது. வீட்டுக்காரி என்ற மிதப்பில், "தள்ளி நில்லுங்க!" என்று பெரியவர்களையும் அதட்டிக்கொண்டிருந்தேன்.

சின்னமாமா அம்மாவின் தம்பி. வெள்ளைக்காரரின் பட்டாளத்து முகாமுக்கு லொறியில் விறகு கொண்டுபோகிறவர். வாவிக்கரைச் சேற்றில் லொறி புதைந்தபோது இந்தச் சிப்பாய்தான் தோள்கொடுத்துத் தூக்கிவிட்டாராம். அப்படிப்பட்டவருக்கு வெறும் மீன்கறியா என்று, மாமா வாவிக்கு அக்கரையில் வட்டை என்கிற வயல்வெளிக்குப் போய் வரப்போரத்தில் ஒரு முள்ளம்பன்றியைப் பிடித்து வந்து அம்மாவிடம் கொடுத்திருந்தார். மாமாவின் மானம் முழுவதும் அன்று அந்தச் சட்டிக்குள்தான் கொதித்தது.

வந்தவர் வாசலில் நன்றாகக் குனிந்து நுழைந்து, பாயில் அமர்ந்தார். அம்மா சோறும் கறியும் வைத்தார். என்ன இறைச்சி என்று அவர் கேட்டதும் மாமாவின் அரைகுறை இங்கிலீஷ் காலை வாரிவிட்டது. கைவிரல்களைத் தலைக்குப் பின்னால் விரித்து, உடம்பைச் சிலிர்த்து, முள்ளம்பன்றியாகவே ஒரு சுற்று நடந்து காட்டினார். முற்றமே சிரித்தது. விருந்தாளியும் சிரித்தார். பிறகு சட்டென்று தட்டைத் தள்ளி வைத்துவிட்டார்.

மாமாவின் முகம் செத்துப்போயிற்று. ஊர் பார்த்துக்கொண்டிருக்க விருந்தாளி சாப்பிடாமல் எழுந்துபோனால் பிறகு தெருவில் நடக்க முடியுமா? சிப்பாய் நெஞ்சில் கைவைத்து ஏதோ விளக்கினார்.

"அது அவருக்குச் சொந்தமாம் அக்கா!"

"ஆரு?"

"முள்ளம்பண்டி!"

மறுபடியும் சிரிப்பு. அம்மா மட்டும் சிரிக்கவில்லை. தாய்வழியாக வரும் குலத்தை எங்கள் பக்கத்தில் குடி என்போம். புதிதாக வரும் யாரிடமும் முதலில் கேட்பது அதைத்தான்.

"சத்தம் போடாதீங்க. தம்பி, அவரு என்ன குடி எண்டு கேளு. சோறு போட முந்தியே கேட்டிருக்கோணும்."

மாமா கேட்டார். பதில் நீண்டது; மாமா திரும்பத் திரும்பக் கேட்டு, துண்டு துண்டாக எங்களுக்குச் சொன்னார். அவர் தெற்கு ஆப்பிரிக்காவில் பிறந்து, சுரங்க வேலைக்கு வடக்கே போன இடத்தில் பட்டாளத்தில் சேர்ந்தவராம். அவருடைய சனத்துக்குப் பாபெடி என்று பெயராம். முதலில் அது அரச வீட்டாரின் பெயர் மட்டும்தானாம்; முள்ளம்பன்றி அந்த வீட்டாரின் குலச்சின்னம், அதை அவர்கள் கொல்லவும் தின்னவும் மாட்டார்களாம். பிறகு அவர்களின் ஆட்சிக்குள் வந்த சிங்கக் குடி, முதலைக் குடி எல்லாருக்கும் அதே பெயர் ஒட்டிக்கொண்டதாம். வெள்ளைக்காரர்களோ அக்கம்பக்கத்துச் சனத்தையும் சேர்த்து ஒரே பெயராக எழுதிவிட்டார்களாம். பெயர் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் கிழவர்கள் ஆளுக்கொரு கதை சொல்வார்கள் என்று சிரித்தார். இவர் அசல் முள்ளம்பன்றி வீட்டுக்காரர். அங்கே ஒவ்வொரு குலமும் தன் சின்னத்தைப் போற்றி ஆடுமாம்; அதனால் ஒருவரை யாரென்று அறிய, "நீ எதை ஆடுகிறாய்?" என்றுதான் கேட்பார்களாம்.

"நம்மளப் போலதானே!" அம்மாவுக்குச் சந்தோஷம் பிடிபடவில்லை. "இவ்வளவு நாளும் ஆப்பிரிக்காக்காரர் எல்லாரையும் காப்பிரி, காப்பிரி எண்டு ஒரே பேரில கூப்பிட்டமே!"

கறிச்சட்டி வீட்டை விட்டே வெளியேறியது. அடுப்பைக் கழுவி, புதுச்சட்டியில் வாவி இறால் கொதிக்கும்வரை முற்றத்தில் ஒரே ஆரவாரம். ஒவ்வொருவரும் முண்டியடித்துத் தங்கள் குடியின் பெயரைச் சொல்ல, அவர் நாக்கைப் புரட்டித் திருப்பிச் சொன்னார். பிறகு கேட்டுக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். மாமாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

எனக்கும் அவருக்கு ஏதாவது கொடுத்தாக வேண்டும் போலிருந்தது. மாமா வேலியோரம் பிடுங்கிப் போட்டிருந்த முள்ளம்பன்றி முட்களில் நல்ல நீளமானவற்றைப் பொறுக்கி, தும்புக்கயிற்றால் கட்டி, ஓடிவந்து நீட்டினேன். அவர் எழுந்து நின்றார். இரண்டு கையாலும் வாங்கி, தன் பாஷையில் மெல்ல ஏதோ சொன்னார். கண்கள் கலங்கியிருந்தன. அம்மா சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டார்.

என் பரிசு அவருக்கு அவ்வளவு பிடித்துவிட்டதே என்று எனக்குத் தலைகால் புரியவில்லை. "இன்னும் கனக்கக் கிடக்கு, கொண்டுவாறன்!" என்று கத்திக்கொண்டு வேலிப்பக்கம் ஓடினேன்.