அண்ணாச்சிக்குப் பேதி மருந்து

மெல்போர்னில் டாக்டரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும். எழுபது வயது மனிதரை, அதுவும் என் மலக்குடலில் இருந்த கட்டியை வெட்டியெடுத்தவரை, 'பீட்டர்' என்று கூப்பிட எனக்கு வாய் வராது. நான் தென்காசிக்காரன், மளிகைக்கடைக்காரரிலிருந்து பஸ் கண்டக்டர் வரை எல்லோரும் எனக்கு அண்ணாச்சிதான். பதினோரு வருஷமாக என்னோடு ஒரே வீட்டில், ஒரே கட்டிலில் வாழும் செங்கோட்டைச் சண்முகத்தையும் அப்படித்தான் கூப்பிடுகிறேன். என்னைவிட நான்கு வயது மூத்தவர், வேறெப்படிக் கூப்பிடுவது? ஆபரேஷன் அன்று மெல்போர்ன் நர்ஸ், "யார் இந்த அண்ணாச்சி?" என்று கேட்டாள். "மூத்த சகோதரர்" என்று மொழிபெயர்த்தேன், அகராதி போட்டவன் மாதிரி. சகோதரர் என்றே எழுதிக்கொண்டாள். அப்போதே திருத்தியிருக்கலாம். வாயில் கொழுக்கட்டையோடு படுத்துக்கிடந்தேன்.

நோய் போய்விட்டது. ஆனால் கதிர்வீச்சுக்குப் பின் உடம்பு பழையபடி இல்லை. அவர் பக்கத்தில் வந்தாலே வலிக்குமோ என்று பயந்து, சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தேன். "வீட்டில் எல்லாம் சரியா?" என்று டாக்டர் ஒவ்வொரு முறையும் கேட்பார். கோப்பில் இருப்பது அண்ணன். அண்ணன் என்று எழுதவிட்டுவிட்டு, படுக்கைச் சந்தேகத்தை எப்படிக் கேட்பது? ஆஸ்பத்திரி கொடுத்த புத்தகத்தில் மனைவிக்கென்று ஓர் அத்தியாயம் இருந்தது. மனைவி என்று வந்த இடத்திலெல்லாம் அண்ணாச்சி என்று போட்டுப் படித்துப் பார்த்தேன். பாதிக்கு மேல் பொருந்தவில்லை.

இரண்டாம் வருஷம் ஒரு கடிதம் வந்தது. ரத்த சொந்தம் என்பதால் சகோதரரும் குடல் பரிசோதனை செய்துகொள்ள வேண்டுமாம்; முந்தின நாள் பேதி மருந்து குடிக்க வேண்டுமாம். அண்ணாச்சி அதை இரண்டு தடவை படித்தார்.

"ஏலே, வெக்கம் ஒனக்கு, பேதி எனக்கா?" என்றார். சிரிப்பார் என்று பார்த்தேன். கண் கலங்கியிருந்தது. "ரெண்டு வருசமா அந்த ஆஸ்பத்திரி வாசல்ல அண்ணனாத்தாம்லே உக்காந்திருக்கேன். நீ செத்திருந்தாலும் அண்ணனாத்தான் அழுதிருப்பேன்."

அடுத்த வாரம் அவரையும் உள்ளே கூட்டிப்போனேன். "இவர் பிரதர் இல்லை, பார்ட்னர்" என்றேன். "ஓ, சேர்ந்து தொழில் செய்கிறீர்களா?" என்றார் டாக்டர். "இல்லை, ஒரே கட்டில்" என்று வாயில் வந்துவிட்டது. மானம் கப்பலேறியது. டாக்டர் சிரிக்கவில்லை. அந்தத் தைரியத்தில் கட்டிலில் வரும் வலியையும் பயத்தையும் சொன்னேன். இந்த வலிக்கு மருந்து உண்டு, பயிற்சி உண்டு, முதலிலேயே கேட்டிருந்தால் இவ்வளவு கஷ்டப்பட்டிருக்க வேண்டாம் என்றார். என் கூச்சத்தால் இரண்டு பேருக்கும் இரண்டு வருஷம் வீண். என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

இந்த வருஷம் சாரல் சமயத்தில் ஊருக்கு வந்தோம். அம்மா அவருக்கு இலை போட்டுப் பரிமாறியபடி, "இவனக் காப்பாத்திக் குடுத்திட்டீய. ஒங்களுக்கும் ஒரு பிள்ளையப் பாத்துக் கல்யாணத்த முடிச்சிருவோம்" என்றாள். மெல்போர்னில் வீரம் பேசிய நான், "ரசம் ஊத்தும்மா" என்றேன். அண்ணாச்சி என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சாப்பிட்டார்.

மறுநாள் குற்றாலம். மெயின் அருவியில் ஆண்களுக்கு ஒரு பக்கம், பெண்களுக்கு ஒரு பக்கம். கல்யாணமானவர்கள் கூட்டத்தில் எட்டி எட்டி மனைவியைத் தேடிக்கொண்டிருந்தார்கள். எனக்குத் தெரிந்து அன்று சேர்ந்து குளித்த ஒரே ஜோடி நாங்கள்தான். தண்ணீர் வயிற்றுத் தழும்பில் விழுந்து சுரீரென்றது. அண்ணாச்சி உள்ளங்கையை அதன்மேல் வைத்து மறைத்தார். மெல்போர்ன் தெருவில் யாரும் கேட்கப்போவதில்லை. அங்கே அந்தக் கையை நான் ஒரு நாளும் பிடித்ததில்லை. இங்கே, அம்மா வீட்டிலிருந்து ஐந்து கிலோமீட்டரில், நூறு ஆண்களுக்கு நடுவில் இறுக்கிப் பிடித்தேன். "ஏலே, போதும், வெளிய வாங்கலே, மத்தவன் குளிக்க வேண்டாமா?" என்று பின்னாலிருந்து ஒருவர் கத்தினார். காது கேட்காதவன் மாதிரி நின்றேன்.