நுரை வராத சோப்பு

மூன்று வருடத்துக்கு முன்பு, பெங்களூரில் ஒரு ஆராய்ச்சிக்கூடத்தில் கண்ணாடிப் புட்டிகள் கழுவும் வேலைக்குச் சேர்ந்தேன். ஸ்ரீராம்புரத்திலிருந்து இரண்டு பஸ் மாறிப் போவேன். மணல் ஈ கடித்துப் பரவும் காலா அசார் என்ற காய்ச்சலுக்கு அங்கே புது மருந்து தேடிக்கொண்டிருந்தார்கள். ஏழைகளுக்கு வரும் நோயாம், அதனால் மருந்துக் கம்பெனிகள் அவ்வளவாகக் கண்டுகொள்வதில்லையாம். அந்தக் கிருமியைப் புட்டிகளில் வளர்த்துவந்த மேடம் சொல்லித்தான் இதெல்லாம் தெரியும். நான் கேட்டுக்கொண்டே இருப்பேன், அவரும் சலிக்காமல் சொல்வார்.

ஒருநாள் மைக்ராஸ்கோப்பில் காட்டினார். வாலை ஆட்டிக்கொண்டு துள்ளித் துள்ளி ஓடின. இத்தனூண்டு உயிரா ஆளையே சாய்க்கிறது? கண்ணை எடுக்கவே மனம் வரவில்லை.

அங்கே கொடுத்த சோப்பில் மட்டும் எனக்கு நம்பிக்கையே இல்லை. துளி நுரை வராது. அதெல்லாம் ஒரு சோப்பா என்று, வீட்டில் பாத்திரம் தேய்க்கும் திரவத்தைக் கொண்டுபோய்க் கழுவினேன். புட்டிகள் பளபளத்தன. ஒரே பெருமை எனக்கு.

இரண்டு வாரத்தில் மேடம் முகம் வாடிப்போனது.

"மருந்து போட்ட புட்டியில கிருமி செத்தா சந்தோஷம்க்கா. போடாத புட்டியிலயும் எல்லாம் செத்துக் கிடக்கு. இது ரெண்டாவது தடவை. இப்படியே போனா மருந்து வேலை செய்யுதான்னு சொல்லவே முடியாது. என் கைதான் சரியில்ல போல" என்றார்.

என் சோப்புதான் காரணமோ என்று சட்டென்று தோன்றியது. ஒப்பந்த வேலை, சொன்னால் போய்விடும். வாயை மூடிக்கொண்டு பஸ் ஸ்டாப் வரை போனேன். அவர் தன் கையையே குறை சொன்னது மனதை அரித்தது. திரும்பி வந்தேன்.

"மேடம், நான் வீட்டு சோப்பு போட்டுக் கழுவிட்டேன்."

திட்டுவார் என்று தலைகுனிந்து நின்றேன். அவர் கண்கள் விரிந்தன. "அப்படியா? வாங்கக்கா, பாத்துடலாம்."

ஒரு புட்டியை என் சோப்பிலும் இன்னொன்றை அவர்கள் சோப்பிலும் கழுவச் சொல்லி, இரண்டிலும் கிருமியை விட்டார். மறுநாள் முதலில் என்னைத்தான் பார்க்கச் சொன்னார். என் புட்டியில் அசைவே இல்லை. மற்றதில் அதே ஓட்டம், அதே துள்ளல். அலசிய பிறகும் ஒட்டியிருந்த என் சோப்பே அவற்றைக் கொல்லப் போதுமாம். நுரை வராத அவர்கள் சோப்பு அலசினால் மிச்சமில்லாமல் போய்விடுமாம். "மேடம், உயிரோட இருக்கு!" என்று கத்திவிட்டேன். கொல்ல வேண்டிய கிருமி பிழைத்ததற்கு நாங்கள் இருவரும் சிரித்த சிரிப்பு இருக்கிறதே!

வேலை போகவில்லை. அந்த மருந்து பலிக்குமா என்று இன்னும் தெரியாது, தேடல் நடக்கிறது. நான் மட்டும், புட்டி பளபளத்தால் இப்போதெல்லாம் பெருமைப்படுவதில்லை. சந்தேகப்பட்டு இன்னொரு முறை அலசுகிறேன்.