நாலாவது அடுப்பு

எனக்கு அப்போது ஏழு வயது. காசிமேட்டில் ஒரே விசைப்படகில் கடலுக்குப் போகிற நான்கு பேர் சேர்ந்து ஒரு மனை வாங்கி, ஆளுக்கு ஓர் அறை கட்டி, நடுவில் பொதுவாக ஒரே ஒரு சமையல்கட்டு வைத்துக்கொண்டார்கள். அதில் ஒருவர் என் அப்பா. பெண்கள் விடியற்காலையில் மீன் விற்கப் போய்விடுவதால், நாளுக்கு ஒருத்தி வீட்டில் தங்கி எல்லோருக்கும் சமைப்பாள். சொந்தபந்தம் எதுவும் கிடையாது. ஆனாலும் எனக்கு ஒரு பெரியம்மா, ஒரு சித்தி, ஓர் அத்தை இருந்தார்கள். ஊட்டிவிடப் பெரியம்மா, தலை வாரிவிட அத்தை, அடிக்க மட்டும் அம்மா என்று ராஜ வாழ்க்கை.

ஒருநாள் எழுந்து பார்த்தால் சமையல்கட்டில் பூட்டு தொங்கியது. அறைக்கு ஓர் அடுப்பு முளைத்திருந்தது. யாரும் கடலுக்கோ வியாபாரத்துக்கோ போகவில்லை. ரேஷன் கார்டு சரிபார்க்க ஆள் வருகிறாராம்; தனி அடுப்பு இல்லாத குடும்பத்துக்குத் தனி கார்டு கிடையாதாம். அப்படியானால் மூன்று குடும்பத்துக்கு அரிசி போச்சு. என் வாயில் எதுவும் தங்காது என்பதால் என்னிடம் மட்டும் இதைச் சொல்லவில்லை. சண்டை வந்து எல்லோரும் பிரிந்துவிட்டார்கள் என்று நானாக முடிவு கட்டி, தலை வாராமல் மூலையில் உட்கார்ந்திருந்தேன்.

பத்து மணிக்கு அவர் வந்தார். கண்ணாடி, கக்கத்தில் ஃபைல். பெரியம்மா ஒரே குண்டானில் வைத்த சங்கரா மீன் குழம்பு நான்கு சட்டிகளில் காத்திருந்தது. இருந்த ஒரே அஞ்சறைப்பெட்டி, அவருக்கு முன்னால் பின்ஜன்னல் வழியாக அறை அறையாக ஓடியதாம். கடைசியாக எங்கள் சட்டியை எட்டிப் பார்த்தார்.

"நாலு வீட்டுலயும் ஒரே கொழம்பாம்மா?"

"நேத்து வலைல அதான் சார் வுழுந்துச்சு" என்று அம்மா மும்முரமாகக் கிண்டினாள்.

"அக்கம்பக்கத்துல எல்லாம் ஒத்துமையா?"

"அவுங்க மூஞ்சில முழிச்சே ஆறு மாசம் ஆவுது சார்" என்றார் அப்பா.

அவ்வளவுதான், எனக்கு அழுகை பொத்துக்கொண்டது.

"பொய்யி சார்! எல்லாம் ஒரே வூடுதான் சார்! அத்ததான் எனக்குத் தல வாரும்! சமையல் ரூம பூட்டி வெச்சிகீறாங்கோ சார்!"

அம்மாவின் கரண்டி நின்றது. அப்பா சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டார். வந்தவர் என்னைப் பார்த்தார், சட்டியைப் பார்த்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நாலு அடுப்பு பாத்தேன். நாலு குடும்பம்னு எழுதுறேன்."

படி இறங்கும்போது என் கன்னத்தைத் தட்டினார். "பாப்பா, அடுத்த தடவையாவது அம்மாவ அடுப்பப் பத்தவெச்சிட்டுக் கிண்டச் சொல்லு."

அவர் தெருமுனையைத் தாண்டியதும் பூட்டு திறந்தது. நான்கு சட்டிக் குழம்பும் மறுபடி ஒரே குண்டானுக்குப் போயிற்று. அத்தை என்னை மடியில் போட்டுக்கொண்டு, சிரித்துச் சிரித்துத் தலை வாரினாள். எட்டுப் பெரியவர்கள் சொன்ன பொய்யை நம்பிய மனிதர், நான் ஒருத்தி சொன்ன நிஜத்தை நம்பாமல் போய்விட்டாரே என்று, இரண்டு தட்டுச் சோறு தின்று முடிக்கும்வரை அழுதுகொண்டிருந்தேன்.