சொந்த ஊர் எது, எந்தத் தெரு

போன வாரம் மயிலாப்பூர் சபா ஒன்றிலிருந்து போனில் அழைப்பிதழ் வந்தது. ‘மனித சமூகங்களில் இனவெறியின் தோற்றம்’, மறைந்த வரலாற்றுப் பேராசிரியர் ஒருவரின் நினைவுச் சொற்பொழிவு. அவர் படத்தைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்த மனிதர் வீட்டு மாடியில் இரண்டு வருஷம் குடியிருந்தவள் நான்.

அப்போது எனக்கு நந்தனத்தில் பள்ளிக்கூட வேலை. கூட வேலை பார்த்த ஸ்டெல்லாவும் நானும் விடுதியில் ஒரே அறை. விடுதியை மாதக் கடைசியில் மூடப்போவதாகச் சொல்லிவிட்டார்கள். இருந்தால் ஒரே வீட்டில்தான் இருப்பது என்று பேசி வைத்திருந்தோம். அடையாறில் பேராசிரியர் வீட்டு மாடி காலி என்று கேள்விப்பட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை போனோம்.

ஒன்று சொல்லிவிடுகிறேன். ஸ்டெல்லா நல்ல சிவப்பு. நான் அட்டைக்கரி, என் அம்மா குங்குமப்பூவைப் பாலில் கரைத்துக் குடித்ததெல்லாம் வீண். பேராசிரியர் எங்கள் பெயரைக்கூடக் கேட்கவில்லை. அவளுக்குக் கூடத்து நாற்காலி, டபரா செட்டில் காபி. எனக்கு வாசலை ஒட்டி ஒரு முக்காலி, ஜன்னலில் தனியாகக் கவிழ்த்து வைத்திருந்த கண்ணாடித் தம்ளரில் காபி. இத்தனை படிப்பும் இதற்குத்தான் பயன்பட்டது.

வாய் என்ன பேசியது தெரியுமா? அப்போது எழுதிக்கொண்டிருந்த புத்தகத்தைப் பற்றி. கப்பலில் அடிமைகளை அடைத்துப் போனது, மண்டையோட்டை அளந்து மனிதரைத் தரம் பிரித்தது, கொள்ளையடித்துவிட்டுப் பிறகு அதற்கு ஒரு சாஸ்திரம் எழுதிக்கொண்டது. “கலரப் பாத்து மனுஷாள எடை போட்டிருக்கான் வெள்ளைக்காரன். காட்டுமிராண்டி!” என்றார். நான் கண்ணாடித் தம்ளரும் கையுமாகத் தலையாட்டினேன்.

பிறகு ஸ்டெல்லாவிடம் குழைந்தார். “சொந்த ஊர் எதும்மா? ஊர்ல எந்தத் தெரு?” ஜாதியை வாய்விட்டுக் கேட்காமலே கேட்டுவிடும் நாகரிகம் நம் வீட்டுக்காரர்களுக்கு உண்டு.

“தூத்துக்குடி சார். மாதா கோயில் தெரு.”

அவர் மெல்ல என் பக்கம் திரும்பினார். கும்பகோணம் பக்கம், அக்ரஹாரம் என்றேன்.

“அட, நீ நம்மவாளா!”

மாமி வந்து ஸ்டெல்லாவின் டபராவை இரண்டு விரலால் தூக்கிக்கொண்டு கொல்லைக் குழாயடிக்குப் போனாள். எனக்கு வேறு காபி வந்தது, டபராவில்.

“நாங்க ஒண்ணும் பாக்கறதில்லே. மாமி கொஞ்சம் மடி, அவ்வளவுதான். நீ மட்டும்னா நாளைக்கே வந்துடு.”

சீ என்று எழுந்து வந்துவிட்டேன் என்று எழுத ஆசைதான். அந்தக் காபியைக் குடித்தேன். பஸ் ஸ்டாப்பில் ஸ்டெல்லா, “நீ போடி. ஒருத்திக்காவது வீடு கெடைக்குதே” என்றாள். மாட்டேன் என்று நான் சொல்வதற்குத்தான் காத்திருந்தாள். அது எனக்கும் தெரியும். நான் பஸ் வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்றாம் தேதி பெட்டியோடு அடையாறு போனேன். அவர் புத்தகத்துக்குப் பிழை திருத்தியவளும் நான்தான். நன்றியுரையில் என் பெயர் இருக்கிறது, வெட்கங்கெட்ட பெயர்.

அந்த வீட்டை இடித்து ஃப்ளாட் கட்டிவிட்டார்கள். தெருவைக் கேட்கும் வழக்கம் மட்டும் சௌக்கியமாக இருக்கிறது.

ஸ்டெல்லா நங்கநல்லூரில் ஒரு ரூம் பிடித்து இரண்டு பஸ் மாறி வந்தாள். எங்களுக்குள் சண்டை ஒன்றும் இல்லை. வீடு மாறிய பின் முதல் நாள் ஸ்டாஃப் ரூமில் வழக்கம்போல் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். கொஞ்சம் தள்ளி இடம் விட்டு, “உக்காருங்க டீச்சர்” என்றாள். அதற்கப்புறம் என்னை யாரும் ‘டி’ போட்டுக் கூப்பிட்டதில்லை.