சம்மன் வந்து சேர ஒரு விலாசம்

கிள்ளான் பஸ் நிலையத்தை நோக்கி நடந்துகொண்டிருந்தேன். துணிப்பை தோளில் கிடந்தது. கெலிண்டானாக, அதாவது டிரைவருக்கு உதவியாளாக, மூட்டை ஏற்றி இறக்கிய லோரிக் கொட்டகைக்கு இனித் திரும்பப் போவதில்லை.

அங்கேதான் முந்தின வாரம் முதலாளியும் அவர் தம்பிகளும் எங்கள் டிரைவரின் வலது கையை டயர் கழற்றும் இரும்பால் உடைத்தார்கள். அவன் முதலாளியின் தங்கையைப் பதிவுத் திருமணம் செய்திருந்தான். சாதிப் பெயரைச் சொல்லிச் சொல்லி அடித்தார்கள். அதைப் பார்த்த வெளியாள் நான் ஒருவன்தான்.

டிரைவர் போலீஸ் ரிப்போர்ட் என்றதும் கோயில் கமிட்டிக்காரர்கள் ஆரஞ்சுப் பழத்தோடு ஆஸ்பத்திரிக்குப் போனார்களாம். "நம்ம ஆளுங்க, நமக்குள்ள பேசி முடிச்சுக்கலாம்." அடிக்கும்போது மட்டும் அவன் நம்ம ஆள் இல்லை.

பார்த்ததைச் சொல்லப் போகிறேன் என்று முதலாளியிடம் சொல்லிவிட்டுத்தான் கிளம்பினேன். அவர் கோபப்படவில்லை.

"போய்ச் சொல்லு லா. எந்த எடத்துல நீ மூணு மாசம் நின்னுருக்க? கேஸ் வரும்போது ஈப்போவுல இருப்பியோ, ஜொகூர்ல இருப்பியோ."

அது உண்மை என்பதால் இன்னும் எரிந்தது.

பஸ் ஏறிப் போனேன். டிரைவர் சொல்லியிருந்த வக்கீல் அலுவலகம் பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு டோபிக் கடைக்கு மேல்மாடியில் இருந்தது. மாவுக்கட்டோடு அவனும், பக்கத்தில் அவன் மனைவியும் உட்கார்ந்திருந்தார்கள். வக்கீல் அம்மா என் விலாசம் கேட்டார். லோரியில் படுப்பவன் என்றேன். பேனாவைக் கீழே வைத்தார்.

"அண்ணே, சாதிக்குன்னு இங்க தனிச் சட்டம் இல்ல. அடிச்சாங்கன்னுதான் நிரூபிக்கணும். அதுக்கு நீங்க ஒருத்தர்தான் சாட்சி. நாளைக்கு நானே உங்கள போலீஸுக்குக் கூட்டிட்டுப் போறேன். கோர்ட்டு சம்மன எங்க அனுப்புவாங்க?"

"ஈப்போ பஸ், பின் சீட்டுன்னு எழுதுங்க மேடம்," என்றான் டிரைவர். நான் சிரித்தேன். அவன் மனைவி சிரிக்கவில்லை. என் துணிப்பையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலை டோபிக் கடை திறக்கும்போது வாசலில் நின்றேன். ஆள் வேண்டுமா என்றேன். கடைக்காரர் மேலும் கீழும் பார்த்தார்.

"எத்தன நாளைக்கு?"

"மேல ஒரு கேஸ் இருக்கு. அது முடியிற வரைக்கும். இங்க தபால் வருமா அண்ணே?"

"தெனம் வருதே. பின்னால படுக்க எடமும் இருக்கு."

கடை விலாசத்தை ஒரு தாளில் எழுதி மாடியில் வக்கீல் அம்மாவிடம் கொடுத்து, போலீஸுக்குக் கிளம்பும்போது கூப்பிடச் சொல்லிவிட்டு வந்தேன். பிறகு இஸ்திரிப் பெட்டியைக் கையில் எடுத்தேன்.